சுற்றுகிறது, சுடவில்லை

"தட்டு சுத்துதுடா தம்பி. லைட் எரியுது, காத்தாடி சத்தம் கேக்குது, மூணு நிமிஷம் முடிஞ்சு மணியும் அடிச்சிருச்சு. சோத்துல கைய வச்சா ஐஸ்பெட்டியில இருந்த மாதிரியே இருக்கு."

பாடாங் செராயிலிருந்து அக்கா போனில் சொன்னது இவ்வளவுதான். மின்சாதனம் பழுது பார்த்துப் பிழைத்தவன் நான். பதிலுக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "இதுக்கு முன்னாடி என்னைக்காவது வழக்கத்துக்கு மாறா உறுமுச்சாக்கா?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு தடவை கொர்ர்ருன்னு சத்தம் போட்டுச்சு. லேசா கரிஞ்ச வாடை வந்துச்சு. அப்புறம் அமைதியாயிருச்சு." பாதிக் கதை அந்த உறுமலுக்குள்ளேயே இருந்தது.

எங்கள் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் விறகடுப்பில் சமைத்து மூடி வைத்துவிட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவார். அக்கா மகளுக்குக் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் இரவு ஷிப்ட். 1996இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவுக்கு இன்று சுற்றுவட்டாரத்தின் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் போய்வருகிறார்கள். பஸ் அவளை வீட்டு வாசலில் இறக்கும்போது காலை ஏழரை. பசியாறிவிட்டு உடனே தூங்க வேண்டும். ராத்திரி ஆக்கிய சோற்றையும் குழம்பையும் மூன்று நிமிடத்தில் சூடாக்கித் தரும் மைக்ரோவேவ் பெட்டி அந்த வீட்டில் ஆடம்பரப் பொருள் அல்ல.

ஓடும், ஆனால் சுடாது என்னும் இந்தக் கோளாறு பலரைக் குழப்புவதற்குக் காரணம் இருக்கிறது. மைக்ரோவேவ் என்பது ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு வீடு. முன்வீட்டில் விளக்கு, தட்டைச் சுழற்றும் சின்ன மோட்டார், காற்றாடி, கடிகாரம். இவை சுவரிலிருந்து வரும் 240 வோல்ட்டிலும் அதற்குக் குறைவிலும் ஓடுபவை. பின்வீட்டில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர், மின்தேக்கி, டயோடு, இவை மூன்றும் சேர்ந்து உசுப்பிவிடும் மேக்னட்ரான் குழல். அங்கே ஓடுவது 4,000 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம். பின்வீட்டில் உயிர் போனாலும் முன்வீட்டுக்குத் தெரியாது. சாதாரண மாடல்களில் சோறு சூடாயிற்றா என்று பார்க்க எந்த உறுப்பும் இல்லை. கடிகாரம் மூன்று நிமிடம் எண்ணும், மணியடிக்கும், அவ்வளவுதான்.

மேக்னட்ரான் கக்கும் நுண்ணலை வினாடிக்கு 245 கோடி முறை முன்னும் பின்னுமாகத் துடிக்கும் மின்காந்த அலை. தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு முனையில் நேர் மின்னூட்டமும் மறுமுனையில் எதிர் மின்னூட்டமும் உண்டு. அலை திசை மாறும்போதெல்லாம் மூலக்கூறும் திரும்பப் பார்க்கிறது. அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் அதைப் பிடித்து இழுக்கின்றன. அந்த உரசலில்தான் சூடு பிறக்கிறது. தண்ணீரின் இயற்கையான அதிர்வெண்ணே இதுதான், அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியல்ல. தண்ணீர் மிக அதிகமாக உறிஞ்சும் அதிர்வெண் இதைவிடப் பல மடங்கு மேலே இருக்கிறது. அந்த அளவுக்குப் போனால் அலை மேல்தோலோடு நின்றுவிடும், சோற்றுக்குள் ஓரிரு சென்டிமீட்டராவது நுழையாது.

கூலிம் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கச் சோற்றைவிட ரப்பர் பால்தான் எனக்குத் தோதாகப் படுகிறது. மரத்திலிருந்து இறங்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். காண்டா வாளியில் சுமந்து வந்த பாலை ஸ்டோரில் ஊற்றியதும் கணக்கு எழுதும் கிராணி எடையை மட்டும் பார்த்து விட்டுவிடமாட்டார். மெட்ரோலாக் என்னும் மிதவையைப் பாலில் இறக்கி, காய்ந்தால் எத்தனை விழுக்காடு ரப்பர் தேறும் என்று குறித்துக்கொள்வார். தொழிலாளியின் கூலி அந்த எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது. மழை பெய்து, பால் வடியும் மங்கில் தண்ணீர் சேர்ந்த நாளில் அந்த மிதவையை அம்மா எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்பது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அந்த எண்ணை நுண்ணலையால் கண்டுபிடிக்கலாம் என்று 1982இல் பெர்டானிகா ஆய்விதழில் எழுதியவர் காய்டா காலிட். சிலாங்கூர் செர்டாங்கில் இருந்த மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர். அந்தப் பல்கலைக்கழகம்தான் இன்று புத்ரா மலேசியா பல்கலைக்கழகம். அடிப்படை எளிது. தண்ணீர் நுண்ணலையை ஆவலோடு குடிக்கும், ரப்பர் ஏறக்குறைய தொடாமலே வழிவிடும். பாலின் வழியே அலையை அனுப்பி, எவ்வளவு காணாமல் போகிறது என்று அளந்தால் தண்ணீர் எவ்வளவு என்று தெரியும். தண்ணீர் தெரிந்தால் ரப்பரும் தெரிந்துவிடும். தோட்டத்துப் பாலை அளந்த அதே குணம்தான் அக்கா வீட்டுச் சோற்றையும் சூடாக்குகிறது.

ஆகவே மைக்ரோவேவைச் சோதிக்கவும் தண்ணீரே போதும். மெல்லிய பிளாஸ்டிக் ஜாடியில் சரியாக 1 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பமானி வைத்து அளந்து எழுதி வையுங்கள். காய்ச்சலுக்கு வைக்கும் வெப்பமானி இதற்கு உதவாது, அது 35 டிகிரிக்குக் கீழே பேசாது. சமையலறை வெப்பமானி வேண்டும். முழுச் சக்தியில் சரியாக 60 வினாடி ஓடவிட்டு, வெளியே எடுத்து நன்றாகக் கலக்கி மறுபடியும் அளங்கள். எத்தனை டிகிரி ஏறியிருக்கிறதோ அதை 70ஆல் பெருக்குங்கள். 1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி ஏற்றச் சுமார் 4,190 ஜூல் வேண்டும், அதை 60 வினாடியால் வகுத்தால் வருவதுதான் அந்த 70. பத்து டிகிரி ஏறினால் பெட்டி 700 வாட் தருகிறது என்று பொருள். பின்புறத் தகட்டில் 800 என்று போட்டிருந்து உங்கள் கணக்கில் 750 வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை, ஜாடியும் காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கும். 400 வந்தால் குழல் களைத்துவிட்டது அல்லது வீட்டு மின்சாரத்தில் குறை. ஒன்றுமே ஏறவில்லை என்றால் பின்வீட்டில் விளக்கு அணைந்துவிட்டது. வாங்கிய நாளில் ஒருமுறை இப்படி அளந்து, எண்ணைப் பெட்டியின் பக்கவாட்டில் எழுதி ஒட்டி வைப்பது நல்ல பழக்கம். வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துப் பார்க்கலாம். நல்ல நிலையில் இருக்கும் பெட்டி அதை இரண்டு, இரண்டரை நிமிடத்தில் கொதிக்க வைக்கும். குவளைக்குள் ஒரு மரக்கரண்டி போட்டு வையுங்கள். வழவழப்பான கண்ணாடிக் குவளையில் தண்ணீர் குமிழி விடாமலே கொதிநிலையைத் தாண்டி நின்று, கை பட்டதும் பொங்கி முகத்தில் அடிப்பதுண்டு.

சோதனைக்கு முன் ஒன்றிரண்டை விலக்கிவிட வேண்டும். கடையில் காட்சிக்கு வைத்த பெட்டியாக இருந்தால் விற்பனைக்கான பாவனை நிலை அணையாமல் இருக்கலாம். அப்போது எல்லாம் ஓடும், சூடு மட்டும் வராது. குழந்தைகள் பட்டனை அழுத்திச் சக்தியைப் பத்து விழுக்காட்டில் நிறுத்தியிருக்கலாம். பழைய வகைப் பெட்டியில் குறைந்த சக்தி என்றால் அலை மெலிந்து வருவதில்லை. சில வினாடி முழுவேகத்தில் வரும், பிறகு பல வினாடி நின்றுவிடும். ஒரு நிமிடம் மட்டும் பார்க்கிறவருக்கு அது பழுது போலத்தான் தெரியும். ஒரு பக்கம் சுட்டு மறு பக்கம் குளிர்ந்திருந்தால் அது வேறு பிரச்சினை. பெட்டிக்குள் அலைகள் எதிரொலித்து ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் இடைவெளியில் சூட்டுத் திட்டுகளை உண்டாக்குகின்றன. தட்டு சுற்றாவிட்டால் அந்தத் திட்டுகள் அங்கங்கேயே நின்றுவிடும். தட்டை எடுத்துவிட்டு ஒரு அப்பளத்தை வைத்து அரை நிமிடம் ஓட்டிப் பாருங்கள், எங்கெங்கே பொரிகிறதோ அதுவே வரைபடம்.

இனி காதுக்கு வருவோம். எனக்கு மீட்டரைவிட முதலில் உதவுவது காதுதான். நல்ல பெட்டியில் தொடங்கும் பொத்தானை அழுத்தினால் முதலில் காற்றாடிச் சத்தம், அடுத்து 'டக்' என்று ஒரு ரிலே, அதன் பின்னால் அடிவயிற்றிலிருந்து வருவது போல ஒரு கனத்த ரீங்காரம். அந்த ரீங்காரம் டிரான்ஸ்ஃபார்மர் சுமை தூக்கும் சத்தம். அது வரவே இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மருக்கே மின்சாரம் போகவில்லை. கதவுச் சுவிட்சு, ரிலேயின் கருகிய முனை, சூடு தாங்காமல் தானே துண்டித்துக்கொண்ட பாதுகாப்புச் சுவிட்சு, இவற்றில் ஏதோ ஒன்று. பிளக்கோடு சேர்த்து மாட்டும் வாட் மீட்டர் இருந்தால் அப்போது 50 வாட்டை ஒட்டிக் காட்டும், அது விளக்கும் காற்றாடியும் தின்பது. மெல்லிய முனகல் மட்டும் கேட்டு, மீட்டர் 150ஐத் தாண்டாமல் நின்றால் டிரான்ஸ்ஃபார்மர் விழித்திருக்கிறது, ஆனால் அதன் கையில் வேலை இல்லை. அதற்கு அப்பால் எங்கோ பாதை அறுந்திருக்கிறது. மூன்றாவது வகைதான் உறுமல். சமையலறை விளக்கு மங்கும், பெட்டி நடுங்கும், கரிந்த வாடை வரும். டயோடோ மின்தேக்கியோ மேக்னட்ரானோ உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு குறுக்குப்பாதை உண்டாகிவிட்டது. உடனே பிளக்கைப் பிடுங்க வேண்டியது இதற்குத்தான். நல்ல நிலையில் உள்ள பெட்டி சுவரிலிருந்து 1,200 வாட்டை ஒட்டி இழுத்து 800ஐ உணவுக்குத் தரும்.

அக்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை உறுமல், நான் போய் ஓட்டிப் பார்த்தபோது மெல்லிய முனகல் மட்டும். ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டு, அதன் விளைவாக இன்னொன்று அறுந்திருக்கிறது.

மேக்னட்ரான் ஏன் இவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் கேட்கிறது? குழலின் நடுவே பழுக்கச் சூடான ஒரு கம்பிச்சுருள், சுற்றிலும் செப்பில் குடைந்த அறைகள், மேலும் கீழும் காந்த வளையங்கள். சுருளிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களைக் காந்தம் நேரே போகவிடாமல் வளைத்துச் சுழற்றுகிறது. அவை அறைகளின் வாயைத் தடவிக்கொண்டு ஓடும்போது அறைகள் ஒலிக்கின்றன. காலி சீசாவின் வாயில் ஊதினால் அது பாடுமே, அதே கதைதான், இங்கே பாட்டு நுண்ணலை. பிரிட்டனின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1940இல் ரேண்டல், பூட் என்ற இருவர் இதற்கு உருவம் கொடுத்தது ராடாருக்காக, போருக்காக. 1945இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் மேக்னட்ரான் அருகே நின்ற பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் இருந்த இனிப்பு உருகியது. இரண்டே ஆண்டில் ஆள் உயரத்துக்கு, 300 கிலோவுக்கு மேல் கனமாக, உணவகங்களுக்கான முதல் அடுப்பு வந்தது. 1967இல்தான் வீட்டு மேசையில் உட்காரும் அளவுக்குச் சிறுத்தது.

எலக்ட்ரான்கள் இப்படிச் சுழன்று அறைகளைப் பாட வைக்க ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். அதற்குக் கீழே குழல் ஊமை. ஆகவே வீட்டு மின்சாரம் பத்து விழுக்காடு குறைந்தால் சூடு அதைவிட அதிகமாகக் குறைந்துவிடும். கூடத்திலிருந்து மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து, அதே ஒயரில் ரைஸ் குக்கரையும் மாட்டியிருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பெட்டியில் எந்தப் பழுதும் இருக்காது. நேராகச் சுவர்ப் பிளக்கில் மாட்டியதும் சோறு சுடும்.

நம் ஊரின் வெக்கையும் ஈரமும் இந்தப் பெட்டிக்கு ஆகாதவை. பின்புறக் காற்றுத் துவாரத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பாதுகாப்புச் சுவிட்சு சூட்டில் துண்டித்துக்கொள்ளும், கொஞ்ச நேரம் கழித்துத் தானே சரியாகும், மறுபடியும் துண்டிக்கும். 'காலையில சுட்டுச்சு, மத்தியானம் சுடல' என்று சொல்பவர்களின் வீட்டில் முதலில் இதைத்தான் பார்ப்பேன். கதகதப்பைத் தேடிக் கரப்பான் குடியேறும், அதைத் தேடிப் பல்லி வரும். ரிலே பலகையில் செத்துக் கிடந்த பல்லியை எடுத்துச் சுத்தம் செய்ததும் ஓடிய பெட்டிகள் உண்டு. காலியாக ஓட்டுவது இன்னொரு கேடு. தன்னைக் குடிக்கத் தண்ணீர் இல்லாத அலை திரும்பிக் குழலுக்கே போகிறது. குழல் கொதித்துக் காந்த வளையம் விரிசல் விட்டால் அதற்கு மருந்து கிடையாது, குழலையே மாற்ற வேண்டும்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல வேண்டிய இடம். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று எண்ணாதீர்கள். மின்தேக்கி ஏறக்குறைய 1 மைக்ரோஃபாரட் அளவுள்ளது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வோல்ட்டைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும். அதை வடித்துவிட உள்ளேயே ஒரு மின்தடை வைத்திருப்பார்கள். அது நலமாக இருந்தால் ஒரு நிமிடத்தில் வடிந்துவிடும். அறுந்திருந்தால் எத்தனை நேரம் நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, அறுந்ததா என்பதை வெளியிலிருந்து பார்க்கவும் முடியாது. பிளக் மாட்டியபடியே மூடியைத் திறப்பது அதைவிடக் கொடியது. வீட்டில் இஎல்சிபி இருக்கிறதே, டிரிப் ஆகிக் காப்பாற்றிவிடுமே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சுவரிலிருந்து போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் சுற்று பெட்டியின் உடலோடு இணைந்தது. அங்கே கை பட்டால் மின்சாரம் உங்கள் உடல் வழியாகப் போய் அந்தச் சுற்றுக்கே திரும்புகிறது. சுவர்ப் பக்கத்தில் கணக்கு சமமாகவே இருக்கும், இஎல்சிபி அசையாது. தொலைக்காட்சியைத் திறந்து பழகிய கை கூட இங்கே போதாது. வேலை பழகிய ஆள்கூட, காப்பிட்ட கருவியால் மின்தேக்கியை வடித்துவிட்டேன் என்று இருமுறை உறுதி செய்யாமல் விரலை உள்ளே விடுவதில்லை.

அக்கா வீட்டுப் பெட்டியை அப்படித்தான் திறந்தேன். அந்த மாடலில் உயரழுத்த ஃபியூஸ் ஒன்று பிளாஸ்டிக் குழாய்க்குள் தனியாக இருந்தது. எல்லா மாடலிலும் அது இருப்பதில்லை. உள்ளே கம்பி அறுந்து, குழாயின் உட்புறம் கரி படிந்திருந்தது. ஃபியூஸை மட்டும் மாற்றிவிட்டு வந்திருந்தால் அன்றைக்கே மறுபடியும் போயிருக்கும், அதைக் கொன்றது யார் என்று பார்க்க வேண்டும். மேக்னட்ரானின் சுருள் சரியாக இருந்தது, சுருளுக்கும் குழலின் உடலுக்கும் இடையே தொடர்பு இல்லை, அதாவது நலம். மின்தேக்கியும் நலம். மிச்சம் டயோடு.

இந்த டயோடில்தான் பழகாதவர்கள் ஏமாறுவார்கள். இது ஒரு டயோடு போலத் தெரிந்தாலும் உள்ளே பல துண்டுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். மின்சாரத்தை முன்னோக்கி விடவே பல வோல்ட் கேட்கும். சாதாரண மல்டிமீட்டரின் சிறு பேட்டரிக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. நல்ல டயோடையும் அது இரு பக்கமும் அடைத்துக் கிடப்பதாகவே காட்டும், பலர் நல்லதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். 9 வோல்ட் பேட்டரி ஒன்றைத் தொடரில் சேர்த்தால் உண்மை தெரியும். நல்லது ஒரு பக்கம் மட்டும் விடும். அக்கா வீட்டு டயோடு பேட்டரியே இல்லாமல் இரண்டு பக்கமும் தாராளமாக விட்டது. ஒட்டிக்கொண்ட அந்தச் சின்னத் துண்டுதான் ஞாயிற்றுக்கிழமை உறுமியது.

இன்வர்ட்டர் வகைப் பெட்டிகளில் இந்தக் கனத்த டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. மின்திறன் சில்லு ஒன்று வினாடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டிச் சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்குத் தருகிறது. அதில் ரீங்காரத்தை வைத்துக் குறி சொல்ல முடியாது, வாட் மீட்டரும் தண்ணீரும்தான் துணை. அப்படிப்பட்ட மின்திறன் சில்லுகள் கூலிம்காரர்களுக்கு அந்நியமல்ல. இன்ஃபினியன் 2006இல் இங்கே அதற்கென ஆலை திறந்தது, 2024 ஆகஸ்ட்டில் சிலிக்கான் கார்பைடு சில்லுக்கான புதிய ஆலையையும் தொடங்கியது. அக்கா மகள் ஷிப்ட் முடிந்து வந்து, நான் கழற்றிப் போட்டிருந்த டயோடைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்ளோதானா மாமா?" என்றாள்.

புது டயோடும் புது ஃபியூஸும் போட்டு மூடியைப் பூட்டினேன். ஜாடியில் 1 லிட்டர் தண்ணீர், வெப்பமானியில் 29 டிகிரி. பொத்தானை அழுத்தியதும் காற்றாடி, 'டக்', அந்தக் கனத்த ரீங்காரம். அறுபது வினாடி கழித்துக் கலக்கி அளந்தபோது 40. பதினொன்றை எழுபதால் பெருக்கினால் 770. பின்புறத் தகட்டில் 800 வாட் என்று இருந்தது.